கியர்பாக்ஸை இறக்கச் சொல்கிறார்களா? பழைய பென்ஸ் ஆட்டோமேட்டிக் கியர் கோளாறுகள், அறிகுறி வாரியாக

"பாக்ஸ் போயிடுச்சு சார், இறக்கித்தான் ஆகணும்." பதினைந்து வருடத்தில் என் வண்டிக்கு மூன்று முறை இந்தத் தீர்ப்பு வந்தது. முதல் முறை குறைந்திருந்தது ஒன்றரை லிட்டர் ஆயில். இரண்டாம் முறை கெட்டிருந்தது சுண்டுவிரல் நீளத்தில் ஒரு ரப்பர் குழாய். மூன்றாம் முறைதான் நிஜமாகவே பாக்ஸுக்குள் வேலை இருந்தது. அதையும் இறக்காமலேயே முடித்தோம்.

வண்டி 1983 மெர்சிடிஸ் 300டி. டபிள்யூ123 என்ற வகை, ஐந்து சிலிண்டர் டீசல், 722.3 என்ற நாலு கியர் ஆட்டோமேட்டிக். 1976இல் வெளிவந்து பத்து வருடத்தில் சுமார் 27 லட்சம் வண்டிகள் செய்தார்கள் என்பதால் இன்றும் பாகம் கிடைக்கிறது. பெங்களூர் அல்சூரில் என் வீட்டு வாசலிலும், காக்ஸ் டவுன், ஃப்ரேசர் டவுன் நண்பர்களின் ஷெட்டுகளிலும் இதே கோளாறுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் சேர்ந்த குறிப்புகள் இவை. டபிள்யூ126, டபிள்யூ124 வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும், அவற்றிலும் இதே குடும்பத்துப் பாக்ஸ்தான். உங்களுடையது எது என்று தெரிய, பாக்ஸின் பக்கவாட்டில் ஆயில் பேனுக்கு (அடியில் ஆயில் நிற்கும் தட்டு) சற்று மேலே குத்தியிருக்கும் எண்ணைத் துடைத்துப் பாருங்கள். 722 என்று தொடங்கும்.

கீழே படுப்பதற்கு முன் ஒன்று. சமதளம், சக்கரத்துக்குக் கட்டை, இரண்டு பக்கமும் ஜாக் ஸ்டாண்டு. ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். வண்டி ஒன்றரை டன்.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் டிப்ஸ்டிக்

டிப்ஸ்டிக் என்பது ஆயில் அளவு பார்க்கும் கம்பி. சும்மா சொல்வதாக நினைக்க வேண்டாம். இதைச் சரியாகப் பார்க்கிறவர்கள் பத்தில் இரண்டு பேர்கூட இல்லை. என்ஜின் ஆயில் பார்க்கிற மாதிரி நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்கள். நிறுத்தினால் டார்க் கன்வெர்ட்டரில் (என்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகப் பாக்ஸுக்குக் கடத்தும் உருளை) இருக்கும் ஆயில் மெல்லக் கீழே இறங்கி அளவு கூடுதலாகக் காட்டும்.

முறை இதுதான். இருபது நிமிடமாவது ஓட்டிப் பாக்ஸைச் சூடாக்குங்கள். அளவுக் கோடுகள் 80 டிகிரி சூட்டுக்குப் போட்டவை. சமதளத்தில் நிறுத்துங்கள் (என் தெரு ஏரிப் பக்கம் சரிகிறது, நான் பெட்ரோல் பங்குக்குப் போய்த்தான் பார்ப்பேன்). பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா இடத்துக்கும் ஒருமுறை கொண்டுபோய், ஒவ்வொன்றிலும் ஓரிரு நொடி நிறுத்தி, பார்க்கில் வையுங்கள். என்ஜின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இப்போது டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, முழுக்க இறக்கி, மறுபடி எடுத்துப் பாருங்கள்.

துடைக்கும் துணியில் கவனம். எல்லா ஷெட்டிலும் பனியன் வேஸ்ட்தான் கிடக்கும். அதன் நூல் டிப்ஸ்டிக்கில் ஒட்டி உள்ளே போனால் வால்வு பாடியின், அதாவது ஆயிலைக் கியர்களுக்குப் பிரித்து அனுப்பும் பகுதியின், நுண்ணிய துளைகளில் சிக்கும். நூல் பிரியாத துணியோ, கண்ணாடி துடைக்கும் தோலோ தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவே வெறும் 0.3 லிட்டர்தான். அதனால் நூறு மில்லியாக ஊற்றிப் பார்க்க வேண்டும். நான் ஒருமுறை விடிகாலைக் குளிரில் பார்த்து, கீழ்க் கோட்டுக்கும் கீழே இருக்கிறதே என்று மேல் கோடு வரை நிரப்பிவிட்டேன். குளிராக இருக்கும்போது கீழ்க் கோட்டுக்குக் கீழே நிற்பதுதான் சரியான அளவு என்று அப்போது தெரியாது. ஹெப்பாள் மேம்பாலம் ஏறுவதற்குள் ஆயில் விரிந்து, நுரைத்து, வண்டி வழுக்க ஆரம்பித்துவிட்டது. நுரை அழுத்தம் தாங்காது. ஆயில் கூடினாலும் குறைந்தாலும் அறிகுறி ஒன்றுதான். மெல்லிய குழாய் மாட்டிய பெரிய சிரிஞ்சை டிப்ஸ்டிக் வழியாக விட்டு, கூடுதலை உறிஞ்சி எடுத்தேன்.

அளவோடு நிறத்தையும் பாருங்கள். வெள்ளை டிஷ்யூவில் ஒரு சொட்டு விடுங்கள். சிவப்பு என்றால் சரி. பழுப்பு என்றால் மாற்றும் காலம் தாண்டிவிட்டது. கறுத்து, அடிப்பிடித்த பால் மாதிரி தீய்ந்த வாடை அடித்தால் கிளட்ச் பிளேட் எரிந்திருக்கிறது. ரோஸ்மில்க் மாதிரி கலங்கியிருந்தால் இன்னும் மோசம். ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் உடைந்து கூலன்ட் கலந்திருக்கிறது. அதற்குமேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள், கிளட்ச் பிளேட்டின் ஒட்டு கரைந்துவிடும்.

ஊற்ற வேண்டியது டெக்ஸ்ரான் வகை ஏ.டி.எஃப்., அதாவது ஆட்டோமேட்டிக் பாக்ஸுக்கென்றே உள்ள ஆயில். இந்த வண்டிக்கு அன்று சொன்னது டெக்ஸ்ரான் 2, இன்று 3 தரம் கிடைக்கிறது, போதும். ஜே.சி. ரோட்டில் கேட்டால் கிடைக்கும். மானுவல் வண்டிக்கு ஊற்றும் கெட்டி கியர் ஆயிலை இதில் ஊற்றிவிட்டு வந்தவரும் உண்டு. அவரைத் திட்டிப் பயனில்லை, கடைக்காரரிடம் "கியர் ஆயில்" என்றுதான் கேட்டிருக்கிறார்.

## டிரைவ், ரிவர்ஸ் இரண்டிலும் நகரவே இல்லை

ஆயில் அளவு சரி என்று பார்த்தாயிற்று. அடுத்தது லீவர். லீவரையும் பாக்ஸையும் இணைக்கும் கம்பியின் முனைகளில் பிளாஸ்டிக் புஷ் இருக்கும். நாற்பது வருடத்தில் அது பொடிந்து உதிர்ந்துவிடும். லீவர் டிரைவைக் காட்டும், பாக்ஸ் நியூட்ரலிலேயே இருக்கும். லீவர் வழக்கத்தைவிடத் தளர்வாக ஆடுகிறதா? அடியில் படுத்துக்கொண்டு, என்ஜினை நிறுத்திய நிலையில் இன்னொருவரை லீவரை நகர்த்தச் சொல்லுங்கள். பாக்ஸின் பக்கவாட்டில் இருக்கும் சின்னக் கை ஒவ்வொரு இடத்துக்கும் 'டக்' என்று விழ வேண்டும். விழவில்லை என்றால் புஷ் மாற்றுங்கள், சில நூறு ரூபாய் வேலை.

கை சரியாக விழுகிறது, ஆனாலும் நகரவில்லை என்றால் ஒரு கேள்வி. திடீரென்று நின்றதா, அல்லது கொஞ்ச தூரம் ஓடி நின்று, பத்து நிமிடம் கழித்து மறுபடி ஓடியதா?

ஓடி, நின்று, ஓய்வெடுத்து ஓடினால் ஃபில்டர் அடைப்பைச் சந்தேகிக்கலாம். பம்பு உறிஞ்சும்போது குப்பை ஃபில்டரில் போய் ஒட்டுகிறது, நிறுத்தினால் உதிர்கிறது. கூடவே 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் கேட்கும், ஆக்ஸிலரேட்டருக்கு ஏற்ப அதுவும் ஏறி இறங்கும். பேனைக் கழற்றி ஃபில்டரை மாற்றுங்கள்.

பேனைக் கழற்றும்போது அடியில் என்ன படிந்திருக்கிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மை மாதிரி மெல்லிய பூச்சு இருந்தால் பயப்பட வேண்டாம், எல்லாப் பாக்ஸிலும் இருக்கும். வெண்கலம் மாதிரி மின்னும் துகள்களோ, நகத்தில் சிக்கும் கறுப்புச் செதில்களோ இருந்தால் ஃபில்டரோடு கதை முடியாது.

ஆயிலை முழுக்க மாற்ற இரண்டு இடத்தில் திறக்க வேண்டும். பேனில் ஒரு டிரெயின் பிளக். இன்னொன்று டார்க் கன்வெர்ட்டரில். என்ஜினைக் கையால் சுற்றினால் கன்வெர்ட்டர் மூடியின் அடித் திறப்பு வழியாக அது தெரியும். இரண்டுக்கும் 5 மில்லிமீட்டர் ஆலன் கீ. கன்வெர்ட்டரை விட்டுவிட்டால் பழைய ஆயிலில் ஒரு நல்ல பங்கு உள்ளேயே தங்கிவிடும். ஏறக்குறைய ஆறு லிட்டர் பிடிக்கும், ஏழு வாங்கி வையுங்கள். முதலில் நாலு ஊற்றி, என்ஜினை ஓட்டிக்கொண்டே மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக. பேன் போல்ட்டுகளை வெறியோடு இறுக்கக் கூடாது. சொல்லியிருப்பது 8 நியூட்டன் மீட்டர்தான், மணிக்கட்டு பலம் போதும். அதிகம் இறுக்கினால் பேன் வளையும், பிறகு எத்தனை காஸ்கட் மாற்றினாலும் ஒழுகும்.

திடீரென்று, ஓட்டத்தில், சத்தத்தோடு இழுவை போயிருந்தால் பம்பு அல்லது கன்வெர்ட்டர். இங்கே உங்கள் வேலை முடிந்தது.

## ரிவர்ஸ் போகிறது, டிரைவ் போகவில்லை

என் மூன்றாவது தீர்ப்பு இதுதான். ஒரு ஞாயிறு காலை வாசலிலிருந்து பின்னால் எடுத்தேன், நன்றாக வந்தது. டிரைவில் போட்டேன், ஒன்றுமில்லை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் என்ஜின் மட்டும் கத்துகிறது. பின்னால் ஒரு தண்ணீர் லாரி ஹாரனடித்துக்கொண்டு நிற்கிறது. தள்ளித்தான் திரும்ப வாசலுக்குள் விட்டேன்.

முதலில் வந்து பார்த்தவர் இறக்கித்தான் ஆக வேண்டும் என்றார். சிவாஜி நகரில் எனக்குப் பழக்கமான பாய் ஒருவர் இருக்கிறார், பழைய பென்ஸுக்கே பிறந்தவர். போனில் கேட்டார். "பின்னாடி ஒழுங்கா போகுதா தம்பி? ஆயில் கருகல் வாடை அடிக்குதா?" இல்லை என்றேன். "அப்போ பி2வா இருக்கும். இறக்க விடாதீங்க, நான் வர்றேன்."

722.3இல் பி2 என்ற பேண்டை (உள்ளே சுழலும் டிரம்மை இறுக்கும் பட்டை) இழுத்துப் பிடிக்கும் பிஸ்டன் வயதானால் உடையும். அது உடைந்தால் வண்டி முன்னோக்கிக் கிளம்பவே கிளம்பாது. ரிவர்ஸுக்கு அது தேவையில்லை என்பதால் ரிவர்ஸ் நன்றாக இருக்கும். ஆயில் சுத்தமாக இருந்து, திடீரென்று டிரைவ் மட்டும் போயிருந்தால் முதலில் நினைக்க வேண்டியது இதைத்தான். பிஸ்டன் பாக்ஸின் பக்கவாட்டில் ஒரு வட்ட மூடிக்குப் பின்னால், வட்டக் கிளிப்புக்குள் இருக்கிறது. பாக்ஸ் வண்டியிலேயே இருக்க, அடியிலிருந்து மாற்றலாம். பின்னாளில் வந்த வலுவான பிஸ்டனைக் கேட்டு வாங்குங்கள்.

நீங்களே செய்வதா? என் கருத்து, வேண்டாம். மூடிக்குப் பின்னால் இருக்கும் ஸ்பிரிங் முரட்டு ஸ்பிரிங். அதை அழுத்திப் பிடிக்கும் கருவி இல்லாமல் கிளிப்பை எடுத்தால் மூடி முகத்துக்குப் பறந்து வரும். பாய் இரண்டு மணி நேரத்தில் முடித்தார். உடைந்த துண்டை என் கையில் வைத்தார், பிஸ்கட் நுனி மாதிரி இருந்தது.

ஆயில் கறுத்து, டிரைவ் கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழந்து போயிருந்தால் அது பி2 பிஸ்டன் மட்டும் இல்லை. அப்போது இறக்கச் சொல்பவர் சரியாகத்தான் சொல்கிறார்.

## டிரைவ் போகிறது, ரிவர்ஸ் இல்லை

லீவர் புஷ்ஷைப் பாருங்கள். அது சரியென்றால் உள்ளே சீலோ கிளட்சோ. மெக்கானிக்கிடம் போங்கள். போகும் வழியில் பின்னால் எடுக்க வேண்டிய இடத்தில் நிறுத்தாதீர்கள், கமர்ஷியல் ஸ்ட்ரீட் பக்கம் போகவே வேண்டாம்.

## காலையில் மட்டும் கியர் விழத் தாமதம்

டிசம்பர் காலையில் டிரைவில் போட்டு இரண்டு மூன்று நொடி கழித்து விழுகிறது, பத்து நிமிடம் ஓடினால் சரியாகிறது. இது பெங்களூரில் நிறையப் பேர் சொல்லும் புகார். ஆயில் அளவு கொஞ்சம் குறைந்திருந்தாலே இப்படி வரும். அளவு சரி என்றால் ஆயிலும் ஃபில்டரும் மாற்றிப் பாருங்கள். அதற்குப் பிறகும் இருந்தால் உள்ளே ரப்பர் சீல்கள் வறண்டு விறைத்திருக்கின்றன. வாரக்கணக்கில் ஷெட்டில் தூங்கும் வண்டிக்கு இது சீக்கிரம் வரும்.

இதற்காக மட்டும் பாக்ஸைத் திறக்க வேண்டாம் என்பேன். ஸ்டார்ட் செய்ததும் அரை நிமிடம் விட்டு, டிரைவில் போட்டு, கியர் விழும்வரை ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் காத்திருங்கள். இந்தப் பழக்கத்தோடு என் நண்பர் வண்டி ஆறு வருடமாக ஓடுகிறது. விழும் முன் ரேஸ் கொடுப்பதுதான் கிளட்சையும் பி2வையும் தின்னும். தாமதம் நொடியிலிருந்து நொடிகளாக நீண்டுகொண்டே போனாலோ, சூடான பிறகும் இருந்தாலோ திறக்க வேண்டியதுதான்.

## கியர் மாறும்போது உதைக்கிறது

அதிகம் பேர் அதிகம் பணம் இழப்பது இங்கேதான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முதுகில் ஒரு குத்து விழுகிறது, உடனே பாக்ஸைத் திறக்கிறார்கள். நான் பார்த்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கோளாறு பாக்ஸுக்கு வெளியே, வாக்குவம் (காற்றை உறிஞ்சி உண்டாக்கும் வெற்றிடம்) குழாய்களில் இருந்தது.

இந்த டீசல் வண்டியில் என்ஜினோடு ஓடும் ஒரு வாக்குவம் பம்பு இருக்கிறது. பிரேக் பூஸ்டர், சாவியைத் திருப்பினால் என்ஜினை நிறுத்தும் அமைப்பு, கதவுப் பூட்டுகள், கியர்பாக்ஸின் மாடுலேட்டர் (கியர் மென்மையாக மாறுவதா, கெட்டியாக மாறுவதா என்று தீர்மானிக்கும் பாகம்) எல்லாமே அதில்தான் தொங்குகின்றன. எங்காவது காற்று கசிந்தால் மாடுலேட்டருக்குப் போகும் வாக்குவம் குறையும். நீங்கள் முழு வேகத்தில் மிதிப்பதாக நினைத்துக்கொண்டு அது முரட்டுத்தனமாகக் கியர் மாற்றும்.

அதனால் கருவி எதுவும் இல்லாமலே ஒரு சோதனை: சாவியை எடுத்த பிறகும் என்ஜின் சில நொடி ஓடிக்கொண்டே இருக்கிறதா? டிரைவர் கதவைப் பூட்டினால் மற்ற கதவுகள் பூட்டிக்கொள்ளவில்லையா? இரண்டில் ஒன்று ஆம் என்றாலே வாக்குவம் கசிவைத் தேடத் தொடங்கலாம். "இன்ஜின் ஆஃப் ஆகல, கியர் உதைக்குது, டோர் லாக் வேலை செய்யல" என்று மூன்று தனிப் புகாராக எழுதி மூன்று தனி பில் போட்ட ஒரு ஷெட் எனக்குத் தெரியும். கோளாறு ஒன்றுதான், பின் கதவுக்குள் கிழிந்த ஒரு டயாஃப்ரம், அதாவது மெல்லிய ரப்பர் தகடு.

தேட வேண்டிய வரிசை:

முதலில் கண்ணுக்குத் தெரியும் ரப்பர் இணைப்புகள். மெல்லிய பிளாஸ்டிக் குழாய்களைச் சேர்க்கும் குட்டி ரப்பர்கள் என்ஜின் சூட்டில் வெந்து, முனை விரிந்திருக்கும். விரலால் மடக்கிப் பாருங்கள், விரிசல் தெரிந்தால் மாற்றுங்கள். என் இரண்டாவது தீர்ப்பு இதுதான். சுண்டுவிரல் நீளம், விலை ஒரு மசால் தோசைக்கும் குறைவு.

அடுத்து மாடுலேட்டர். பாக்ஸின் பக்கவாட்டில் வட்டமாக, ஒரு மெல்லிய குழாய் போய்ச் சேரும் உருண்டை. அந்தக் குழாயை உருவிப் பாருங்கள். உள்ளே சிவப்பு ஆயில் ஈரம் இருந்தால் மாடுலேட்டரின் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது, வேறு எதையும் யோசிக்காமல் மாற்றுங்கள். ஈரம் இல்லையென்றால் கையால் இயக்கும் வாக்குவம் பம்பை மாடுலேட்டரில் மாட்டி, அதன் கேஜில் 15 அங்குலம் (பாதரச அளவு) வரை இழுங்கள். ஒரு நிமிடம் முள் இறங்காமல் நிற்க வேண்டும்.

நின்றதா? அப்படியே பம்பின் குழாயை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து, வாக்குவம் வைத்தபடி மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஒருவர் ஓட்ட, ஒருவர் பம்பைப் பிடிக்க வேண்டும். உதை மறைந்து பஞ்சு மாதிரி மாறினால் பாக்ஸ் நன்றாக இருக்கிறது, வாக்குவம் வரும் வழியில்தான் கோளாறு. கதவுகளுக்குப் போகும் குழாயைக் கழற்றி முனையை அடைத்துப் பாருங்கள். சரியானால் கசிவு கதவில். சரியாகவில்லை என்றால் டீசல் பம்பின் மேல் உட்கார்ந்திருக்கும் வாக்குவம் வால்வு.

வாக்குவம் கொடுத்தும் உதைக்கிறது என்றால் மாடுலேட்டர் திருகைச் சரிசெய்யலாம். ரப்பர் மூடியை எடுத்தால் சின்னக் கைப்பிடி இருக்கும். உள்ளே திருகினால் மாற்றம் கெட்டியாகும், வெளியே திருகினால் மென்மையாகும். ஒரு நேரத்தில் அரைச் சுற்று, எத்தனை சுற்று என்று எழுதிவையுங்கள், ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்த அரைச் சுற்று. கசிவைக் கண்டுபிடிக்காமல் திருகை மட்டும் திருப்பி உதையை மறைப்பவர்கள் உண்டு. அந்த வண்டி ஆறு மாதத்தில் வழுக்கிக்கொண்டு வரும்.

## டிரைவில் போட்டதும் ஒரு 'டங்'

ஓடும்போது மாற்றங்கள் மென்மை, நிற்கும் இடத்தில் டிரைவிலோ ரிவர்ஸிலோ போடும்போது மட்டும் அடியில் இடி விழுகிறதா? என்ஜினின் நிற்கும் வேகத்தைப் பாருங்கள். நிமிடத்துக்கு 750 சுற்று அருகில் இருக்க வேண்டியது 1,000 இருந்தால் யார் வண்டியிலும் இடிக்கும். அடுத்து புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் முன்னும் பின்னும் இருக்கும் ரப்பர் டிஸ்க்குகள், நடு பேரிங், கியர்பாக்ஸ் மவுண்ட். ரப்பர் டிஸ்க்கில் போல்ட் துளைகளுக்கு நடுவே வெடிப்பு தெரியும். இதற்கும் பாக்ஸுக்கும் சம்பந்தமே இல்லை.

## என்ஜின் கத்துகிறது, வண்டி ஏறவில்லை

முதலில் எப்போது என்று கவனியுங்கள். எல்லாக் கியரிலும் வழுக்கினால் ஆயில் அளவு, நுரை, ஃபில்டர். இவை சரியென்றால் அழுத்தம் குறைவு, பம்பு வரை போகலாம்.

இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது மட்டும் ஒரு நொடி என்ஜின் சுற்று எகிறி, பிறகு பிடித்தால், ஒரு நல்ல சோதனை இருக்கிறது. மாடுலேட்டரிலிருந்து வாக்குவம் குழாயைக் கழற்றி, குழாயின் முனையை ஒரு ஸ்க்ரூவால் அடைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். இப்போது எல்லா மாற்றமும் உதைக்கும், அது எதிர்பார்த்ததுதான். எகிறல் மறைந்ததா என்பதே கேள்வி. மறைந்தால் மாடுலேட்டருக்கு வாக்குவம் தேவைக்கு மேல் போகிறது அல்லது திருகு மிகவும் தளர்ந்திருக்கிறது, வெளியிலேயே தீரும். அப்படியும் எகிறினால் உள்ளே கிளட்ச் தேய்ந்திருக்கிறது.

நந்தி மலை ஏறும்போது வழுக்குகிறது, ஊருக்குள் சரியாக இருக்கிறது என்று சொல்பவர்கள் ஊருக்குள் மென்மையாக ஓட்டிச் சமாளித்துக்கொண்டிருக்கிறார்கள். தொப்பூர் கணவாயில் சுமையோடு ஏறினால் தெரிந்துவிடும். வழுக்கும் பாக்ஸோடு நெடும்பயணம் போகாதீர்கள். வழுக்கும் ஒவ்வொரு நொடியும் கிளட்ச் பிளேட்டைச் சுடுகிறது. அந்தத் துகள் எல்லா வால்வுக்கும் போகிறது. கிளட்ச் செட்டோடு முடிய வேண்டிய செலவு முழுப் பாக்ஸாக வளரும்.

## கியர் தாமதமாக மாறுகிறது, அல்லது மிதித்தால் இறங்க மறுக்கிறது

ஆக்ஸிலரேட்டர் இணைப்பிலிருந்து பாக்ஸுக்கு ஒரு கேபிள் போகிறது. அது இறுக்கமாக இருந்தால் கியர் தாமதமாக, கத்திக் கத்தி மாறும். தளர்ந்தால் சீக்கிரமே மாறி வண்டி திணறும். என்ஜினை நிறுத்திவிட்டு, கேபிள் முனையின் பந்து மூடியைக் கழற்றி, லேசான தடை தெரியும்வரை முன்னால் இழுங்கள். அந்த இடத்தில் மூடி பந்தின் மேல் இழுப்பு இல்லாமல் உட்கார வேண்டும். இல்லையென்றால் திருகிச் சரிசெய்யுங்கள். டீசல் பம்பைக் கழற்றிமாட்டிய பிறகு இந்தப் புகார் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு கேபிளைப் பாருங்கள்.

முழுக்க மிதித்தும் கீழ்க் கியருக்கு இறங்கவில்லையா? ஆக்ஸிலரேட்டருக்கு அடியில் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. ஃப்ளோர் மேட்டைத் தடிமனாகப் போட்டிருந்தால் பெடல் அதுவரை போகவே போகாது. ஒருவர் புது மேட்டை எடுத்தே வைத்தியம் முடித்தார். அடுத்து ஃபியூஸ், பிறகு பாக்ஸில் இருக்கும் சோலனாய்டு, அதாவது மின்சாரத்தில் இயங்கும் வால்வு. சாவியைப் போட்டு என்ஜின் ஓடாமல் பெடலை அழுத்தினால் அடியில் 'டிக்' கேட்க வேண்டும்.

கேபிள் சரியாக இருந்தும் மேல் கியருக்கு மாறவே மறுத்தால் கவர்னர் (வண்டி வேகத்தைப் பாக்ஸுக்குச் சொல்லும் பாகம்) அல்லது வால்வு பாடி. கைவைக்காதீர்கள். அப்புறம், இந்தக் குடும்பத்துப் பாக்ஸ்களில் சில, லேசாக மிதித்தால் இரண்டாம் கியரிலேயே கிளம்பும். முதல் கியர் போய்விட்டதாக நினைத்துப் பதற வேண்டாம்.

## தரையில் சிவப்புச் சொட்டு

இரவு முழுக்க அடியில் ஓர் அட்டையைப் போட்டுவிட்டு, எந்த இடத்துக்கு நேராகச் சொட்டியிருக்கிறது என்று பாருங்கள். நடுவில் என்றால் பேன் காஸ்கட், அல்லது சோலனாய்டின் ஓ-ரிங். ரேடியேட்டர் பக்கம் என்றால் கூலர் குழாய். பின்பக்கம் என்றால் ஷாஃப்ட் சீல். இவை எல்லாம் வண்டியில் இருந்தபடியே ஆகும். என்ஜினும் பாக்ஸும் சேரும் இடத்திலிருந்து சிவப்பாக ஒழுகினால் முன் பம்பு சீல், அதற்குப் பாக்ஸ் இறங்கத்தான் வேண்டும்.

சொட்டே இல்லை, ஆனால் ஆயில் குறைந்துகொண்டே போகிறதா? கிழிந்த மாடுலேட்டர் வழியாக என்ஜின் குடிக்கிறது. பெட்ரோல் வண்டியில் வெள்ளைப் புகை வந்து காட்டிக்கொடுக்கும்.

## டிராஃபிக்கில் சூடானால் கெடுகிறது

சில்க் போர்டு சிக்னலில் ஒரு மணி நேரம் நின்ற பிறகு மட்டும் வழுக்கல் வந்தால் முதலில் ரேடியேட்டர். பாக்ஸின் ஆயில் குளிர்வதும் அதில்தான். அடைத்த ரேடியேட்டர், தளர்ந்த ஃபேன் கிளட்ச் இரண்டையும் பாருங்கள். நீண்ட சிக்னலில் நான் நியூட்ரலுக்குப் போய்விடுவேன். சூடாகும்போது மட்டும் அழுத்தம் விழுகிறது என்று தோன்றினால் கேஜ் மாட்டிப் பார்க்கும் ஆளிடம் போங்கள்.

## மெக்கானிக்கைக் கூப்பிடும்போது

"இறக்கணும்" என்று யார் சொன்னாலும் ஒரே கேள்வி கேளுங்கள்: "பிரஷர் எவ்வளவு காட்டுச்சு?" இந்தப் பாக்ஸில் அழுத்தம் அளக்கத் தனி வாய்கள் இருக்கின்றன. கேஜ் மாட்டாமலே தீர்ப்புச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். திறந்த பிறகு கழற்றிய கிளட்ச் பிளேட்டுகளைக் கண்ணால் பார்த்துவிட்டு வேலைக்குச் சம்மதம் சொல்லுங்கள். கன்வெர்ட்டரையும் கூலர் குழாய்களையும் கழுவாமல் புதுப் பாக்ஸை மாட்டினால் பழைய துகள் புதியதற்குள் போகும், அதையும் கேட்டு வையுங்கள்.

வண்டியைக் கொண்டுபோக ஃபிளாட்பெட், அதாவது வண்டியை மேலே ஏற்றிக்கொண்டு போகும் லாரி, சொல்லுங்கள். பின் சக்கரம் தரையில் உருள இழுத்துப்போனால், என்ஜின் ஓடாததால் பம்பும் ஓடாது, பாக்ஸ் ஆயில் இல்லாமல் சுற்றும். கயிற்றைத் தவிர வேறு வழியே இல்லையென்றால் முதலில் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றுங்கள். டோயிங் பையன் "நியூட்ரல் போட்டா போதும் சார், பக்கத்துலதானே" என்பான். அந்த நேரத்தில் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, ஃபிளாட்பெட்டுக்கு போன் போடுங்கள்.